பஞ்சுருட்டான் சாட்சி

"ஏம்மா, உன் வூட்டுக்காரன் எங்க?"

"வெள்ளிமலைக்குப் போயிருக்காருங்க, சாமை வாங்கியார."

இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தே இருசம்மாள் கூசாமல் சொன்னாள். இடஒதுக்கீடு கேட்டு உளுந்தூர்பேட்டையில் நடந்த சாலை மறியலில் முன்வரிசையில் நின்றவன் அவள் புருஷன் சின்னதுரை. பிடிபட்டவர்கள் எல்லாம் கை கால் உடைந்து கிடப்பதாகப் பேச்சு. ஜீப் சத்தம் கேட்டதுமே அவன் கொல்லைக் கிணற்றுக்குள் கயிற்றைப் பிடித்து இறங்கிவிட்டான். தொப்பென்று சத்தம் வந்தது. கடைசி ஓர் ஆள் உயரத்தை அவன் எப்போதும் குதித்துத்தான் இறங்குவான். அவள் கயிற்றை உருவி வைக்கோல் போருக்குள் செருகிவிட்டாள்.

"யோவ் வேடியப்பா, கெணத்துல எட்டிப் பாரு."

கான்ஸ்டபிள் வேடியப்பன் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார்.

"கரை சரிஞ்சிக்கினு கெடக்குதுங்கய்யா. எட்டிப் பாக்கவே தேவையில்ல. அதோ, குருவியப் பாருங்க."

கரண்டுக் கம்பியில் நாலைந்து பஞ்சுருட்டான்கள். பச்சை உடம்பு, நீலத் தொண்டை, ஊசி மாதிரி வால். ஒவ்வொன்றின் அலகிலும் ஒரு தேனீ.

"நான் மலையில பொறந்தவனுங்கய்யா. கவட்டையும் கையுமா இதுங்க பின்னாலயே திரிஞ்சவன். கெணத்துச் செவுத்துப் பொந்துல குஞ்சு பொரிச்சிருக்கு. உசுரோட ஒரு ஆளு உள்ள இருந்தா, கம்பியிலயே குந்திக்கினு கத்தும். ஒண்ணாவது உள்ள போவுமா?"

சொல்லி வாய் மூடவில்லை. ஒரு பஞ்சுருட்டான் சர்ரென்று கிணற்றுக்குள் இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று.

"இன்னாய்யா, குருவிய வச்சே கேஸ முடிச்சிடுவ போல?"

"மனுசன் பொய் சொல்லுவானுங்கய்யா. இதுங்க சொல்லாது."

இருசம்மாள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டால் நல்லதுதான். மலைக்காரருக்குக் குருவியைத் தெரியும். இந்தக் கிணற்றுக் குருவிகளைத் தெரியாது. மூன்று மாதமாகச் சின்னதுரை இந்த வறண்ட கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருக்கிறான். கடப்பாரைச் சத்தத்திலேயே பொந்து குடைந்து முட்டையிட்டவை இவை. அவன் தலைக்கு மேலேயே பறந்து பொந்துக்குப் போகும்.

ஜீப் கிளம்பியது. புழுதி அடங்கும்வரை பொறுத்திருந்து, கயிற்றைக் கட்டி உள்ளே விட்டாள்.

"மாமா, ஏறி வா. போலீசு போயிடுச்சி. உன் குருவிங்கதான் இன்னிக்கு உன்னக் காப்பாத்திச்சிங்க!"

கயிறு இறுகவில்லை.

"தூங்கிட்டியா இன்னா?" சிரித்துக்கொண்டே கரையில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள்.

கழுத்து மடங்கிக் கிடந்தான் சின்னதுரை. அவன் தோள்மேல், அலகில் தேனீயோடு ஒரு பஞ்சுருட்டான் உட்கார்ந்திருந்தது.

மூன்று மாதப் பழக்கத்தில் ஒருநாள்கூட அது அவன்மேல் உட்கார்ந்ததில்லை.