ஆறாவது அர்த்தம்

டாக்டர் பேர் கேட்டார். வாத்தியார் சொன்னார். என்ன கிழமை என்று கேட்டார். அதற்கும் பதில் வந்தது.

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மனைவிக்கு அது போதவில்லை.

பேரையும் கிழமையையும் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். மூளையில் ஆபரேஷன் நடந்து மூன்று நாள் ஆகிறது. உள்ளே போன மனிதர்தான் திரும்பி வந்திருக்கிறாரா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

'டேக் ஆஃப்' என்றால் என்னென்ன அர்த்தம் என்று கேட்கச் சொன்னாள். மொத்தம் ஆறு என்றும் சொல்லிவைத்தாள்.

டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்கே மூன்றுக்கு மேல் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

அவளுக்கு ஏ, பி, சி, டி தாண்டி இங்கிலீஷ் வராது. ஆனால் முப்பது வருஷமாக வாத்தியார் கூடத்தில் டியூஷன் எடுக்கிறார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். வருஷா வருஷம் முதல் பாடம் இதுதான்.

டாக்டர் கேட்டார்.

வாத்தியாரின் வலது கை மெல்ல மேலே எழுந்தது.

சட்டையைக் கழற்றுவது. சுண்டுவிரல் மடங்கியது. விமானம் மேலே கிளம்புவது. வேலைக்கு லீவு போடுவது.

நான்காவதற்கு வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அவள் கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வியாபாரம் திடீரென்று சூடு பிடிப்பது. வந்துவிட்டது.

ஒருவரைப் போலவே பேசிக் காட்டிக் கேலி செய்வது. வழக்கமாக இந்த இடத்தில் பழைய ஹெட்மாஸ்டர் மாதிரி இருமிக் காட்டுவார். இன்று இருமவில்லை. கட்டைவிரல் மடங்கியது.

அத்தோடு பேச்சு நின்றது.

டாக்டர் காத்திருந்து பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, ஒன்றுதானே விட்டுப்போனது, போகப் போகச் சரியாகிவிடும் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, அட்டையில் ஏதோ குறித்துக்கொண்டார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நர்ஸ் தோளைத் தொட்டாள். பாதி அழுகைதான், மீதி சிரிப்பு.

வாத்தியார் ஆறாவதை ஒரு நாளும் தானாகச் சொன்னதே இல்லை.

ஐந்து விரலும் மடங்கியதும் கையை அப்படியே வைத்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, யாராவது ஒரு மாணவனைப் பார்ப்பார். அவன் எழுந்து சொல்லும்வரை பாடம் நகராது. எத்தனையோ நாள் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அவள் தவித்ததெல்லாம் யாருக்குத் தெரியும்? அவளை யார் கேட்டார்கள்?

இப்போதும் கை மடங்கியபடியே இருந்தது. தலைக்கட்டுக்குக் கீழே ஒரு புருவம் மேலே ஏறியிருந்தது. அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, நர்ஸையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லாம கொள்ளாம கிளம்பிப் போயிடறது" என்றாள்.

"கரெக்ட். உட்காரு" என்றார் வாத்தியார்.

மூன்று நாளாக நின்றுகொண்டே இருந்தவள், பக்கத்தில் ஒரு நாற்காலி கிடப்பதை அப்போதுதான் பார்த்தாள்.