பார்வையாளர் மாடம்

"உள்ள போனப்புறம் ஒரு சத்தம் வரக்கூடாதும்மா. கைதட்டக் கூடாது, கீழ இருக்கறவங்களுக்குச் சைகை காட்டக் கூடாது. போன வாரம் ஒருத்தர் தும்மினதுக்கே சபாநாயகர் நிமிர்ந்து முறைச்சுட்டார்" என்றார் காவலர்.

நூலா தலையாட்டிவிட்டு மாடத்தின் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அயர்லாந்தின் மேற்கு மூலையில் மேயோவின் கடலோரத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி டப்ளினுக்கு வந்தவள். வழியில் குடித்த ஒரு டீயைத் தவிர வயிற்றில் எதுவும் இல்லை.

கீழே நாடாளுமன்றம் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. மூன்றே பேர்: சபாநாயகர், அவள் தொகுதி உறுப்பினர் ஃபின்டன், எதிரே ஒரு துணை அமைச்சர். கல்வி அமைச்சருக்கு வேறு வேலை இருந்ததாம். தன் பதிலை வாசிக்க இவரை அனுப்பியிருந்தார். கில்டரா கிராமத்துப் பள்ளிக்கூடம் இருக்குமா, மூடப்படுமா என்பது இத்தனை காலி நாற்காலிகளுக்கு நடுவில்தான் முடிவாகப் போகிறது.

கில்டராவில் முதலில் மீன் பதனிடும் ஆலை மூடியது. பிறகு தபால் நிலையம், அதற்குப் பிறகு காவல் நிலையம். ஒவ்வொன்றின் கதவிலும் குறுக்கே பலகை அடித்துக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சியது தேவாலயமும் மதுக்கடையும் அந்தப் பள்ளிக்கூடமும்தான். அதுவும் போய்விட்டால் குழந்தை குட்டியோடு ஒருவரும் அங்கே இருக்கமாட்டார்கள்.

பெற்றோர் குழுவின் செயலாளர் நூலாதான். வசந்தம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள். சனிக்கிழமைகளில் மதுக்கடை மாடியில் ஃபின்டன் மக்களைச் சந்திப்பார். அங்கே கடைசியாகப் போனபோது, ஒரே பெஞ்சில் படித்த உரிமையில் கேட்டும்விட்டாள்:

"ஊர்ல ஒரு சாவு விடாம வந்து நிக்கறியே ஃபின்டன். எங்க பள்ளிக்கூடத்தைப் புதைக்கறதுக்கு முன்னாடி, அதுக்காகவும் ஒரு தடவை எழுந்து நில்லேன்."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஃபின்டனின் காது சிவந்துவிட்டது. அதன் பலன்தான் இன்றைய விவாதம்.

ஃபின்டன் எழுந்தார். வழக்கம்போல் ஐரிஷ் மொழியில் இரண்டு வரி சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்கு வந்தார். ஆனால் இன்று அவர் குரலில் உண்மையான கோபம் இருந்தது. பலகை அடித்த கதவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். "மேற்கையும் டப்ளினையும் சமமா வளர்ப்போம்னு வருஷா வருஷம் திட்டம் அச்சடிக்கறீங்க. எங்க பக்கத்துல வளர்றது அந்தக் காகிதக் கட்டு மட்டும்தான்" என்றபோது சபாநாயகரே சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

துணை அமைச்சர் பதிலை வாசிக்க ஆரம்பித்தார். சீரான வட்டார வளர்ச்சி, தொலைநோக்குத் திட்டம், அரசின் உறுதியான ஈடுபாடு. அந்தப் பதிலின் நகல் ஃபின்டனின் கையிலும் இருந்தது. அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். புரட்டியதும் அவர் தோள்கள் தொங்கிப்போயின.

முடியாது என்றுதான் சொல்லப் போகிறார்கள். நூலா கண்களை மூடிக்கொண்டாள். கோட்டுப் பைக்குள் அவள் விரல்கள் ஜெபமாலையின் மணிகளை விடாமல் உருட்டிக்கொண்டிருந்தன.

வாசிப்பு நடுவில் நின்றது.

அவள் கண்ணைத் திறந்தபோது துணை அமைச்சர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டிருந்தார். தானும் இப்படியொரு கடலோரத்து ஊரில் பிறந்தவன்தான், அங்கே இப்போது பள்ளிக்கூடம் இல்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, இதில் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன் என்றார். செப்டம்பரில் கணக்கெடுக்கும்போது பிள்ளைகளில் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தால், பள்ளியை மூடாமலிருக்க அமைச்சரைச் சம்மதிக்க வைப்பது தன் பொறுப்பு. அதற்கு உறுப்பினர் உறுதி தர முடியுமா?

ஃபின்டன் துள்ளி எழுந்தார். "தாராளமா. மேல பாருங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைங்களுக்கு அம்மா அவங்கதான்."

பார்வையாளர்களைக் காட்டிப் பேசக் கூடாது என்று சபாநாயகர் மணியடித்தார். ஆனால் துணை அமைச்சர் நிமிர்ந்து நூலாவைப் பார்த்துவிட்டார். அவள் பதிலுக்குக் காத்திருப்பது போலிருந்தது.

நூலா பாதி எழுந்தாள். வாய் திறந்தது. பின்னாலிருந்து காவலர் அவள் தோளைத் தொட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவள் அப்படியே உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள். கீழேயிருந்து பார்த்த துணை அமைச்சருக்கு அது சம்மதமாகப் பட்டது.

"சரி, பதிவாகட்டும்" என்றார்.

படியில் ஓடிவந்த ஃபின்டனுக்கு மூச்சு வாங்கியது. அதற்குள் தலைமையாசிரியைக்கு போன் போட்டுவிட்டிருந்தார். "நீயே கேளு" என்று போனை அவள் காதில் வைத்தார். அந்தப் பக்கம் விசும்பல்தான் கேட்டது. விசும்பலுக்கு நடுவே தலைமையாசிரியை, நூலாவுக்கு ஊரே கடன்பட்டிருக்கிறது என்று சொன்னார். நூலா போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? ஜெயிச்சுட்டோம். வா, உன்னை பஸ்ல ஏத்திவிட்டுட்டு வர்றேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பஸ்ஸுக்கு இல்ல ஃபின்டன், துறைமுகத்துக்கு. எங்க வீட்டுக்காரருக்கு லிவர்பூல்ல வேலை கிடைச்சு, வீடும் பார்த்துட்டார். பிள்ளைங்க நாலு பேரும் என் தங்கச்சியோட கப்பலுக்கு நிக்கறாங்க" என்றாள். "முடியாதுன்னு இவங்க வாயால சொல்றதை ஒரு தடவை கேட்டுட்டா, பள்ளிக்கூடத்தைக் கொன்னது நானில்லன்னு நிம்மதியாப் போயிடலாம்னுதான் இங்க வந்தேன்."