தொட்டியில் குறைந்தது

முடி திரும்பவும் வளர்ந்துவிட்டது. நாகேந்திரம் பழைய பல் தூரிகை ஒன்றை அதற்குள் விட்டுச் சுழற்றிக் கொத்தாகப் பிடுங்கினார். பின்னால் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி மனைவி றேணுகா பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிடுங்கியதை வாளிக்குள் உதறினார். பச்சைப் பசேலென்று நூல்நூலாகக் கிடந்தது பாசி. முழங்கையிலிருந்து உப்புத் தண்ணீர் வழிய, கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளவத்தை மாடிவீட்டின் பாதிச் சுவரை அந்தக் கடல்நீர்த் தொட்டி அடைத்திருந்தது. உள்ளே பவளங்களும் செம்மஞ்சள் மீன் சோடியும். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். றேணுகாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, அவளை இரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப் போவதைத் தவிர அவர் வெளியே போவதில்லை. றெயில் பாதைக்கு அப்பால் கிடக்கும் கடலை ஜன்னலால் பார்ப்பதோடு சரி.

அன்று பின்னேரம் அஷ்பாக் வந்தார். கொட்டாஞ்சேனையில் கடல் மீன் கடை வைத்திருப்பவர். வாளிக்குள் கையை விட்டு ஒரு இழையை எடுத்து உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார்.

"எறகு மாதிரி ஈந்தா வேற சாதி அங்கிள். இது வெறும் நூல். ஹெயார் அல்ஜி, முடிப் பாசி எண்டு செல்ற. தண்ணில பொஸ்பேட் கூடி ஈக்கிது, அதத் தின்டுதான் வளருது."

"தீனைக் குறைச்சாச்சு. லைட்டைக் குறைச்சாச்சு. நத்தையும் விட்டுப் பாத்தாச்சு. நீர் தந்த மருந்தும் பில்டருக்குள்ளதான் கிடக்குது."

"அத அடிக்கடி மாத்தோணும் அங்கிள். கல்லுக்குள்ளயும் ஊறி ஈக்கும். மெதுவாத்தான் போகும்."

நாகேந்திரம் கையைத் துடைத்துக்கொண்டார். "என்னால ஏலாது தம்பி. பாசி பவளத்தை மூடிக்கொண்டு வருது. அதுகள் சாக முந்தி நீர் கழட்டிக்கொண்டு போம். பாக்கக்கூடிய ஆருக்கும் குடும்."

அஷ்பாக் தொட்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெருநாள் முடிய வாரன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்திய பிறகு றேணுகா கேட்டாள். "அதையும் குடுத்திட்டு, நாள் முழுக்க என்ர முகத்தையே பாத்துக்கொண்டிருக்கப் போறியளோ?"

"உன்னையும் பாத்து அதையும் பாக்க ஏலாது, றேணு." கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்படவும் தெம்பு வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவள் றேணுகா. முந்தியென்றால் எதற்கும் வாதாடுவாள். இப்போது தலையைத் திருப்பித் தொட்டியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

இரவுச் சாப்பாட்டைக் குழைத்துக் கொண்டுவந்து மடியில் வைத்தார். குளிசையை உடைத்து அவள் கையில் கொடுத்தார். "சப்பிச் சாப்பிடு," என்றுவிட்டு, தன் சாப்பாட்டுக் கோப்பையை எடுக்கக் குசினிக்குப் போனார். மூன்று நேரமும் அந்த வீட்டில் இதுதான் நடப்பு.

கொஞ்ச நாளில் பாசி வெளிறத் தொடங்கியது. வளர்ச்சி நின்று, மஞ்சளடித்து, தொட்டாலே கையோடு வந்தது. பவளங்களின் நுனிகளில் திரும்பவும் இளஞ்சிவப்பு ஏறியது.

நாகேந்திரம் முதலில் நம்பவில்லை. பிறகு ஒருநாள் காலை, தூரிகையைத் தொடாமல் தேத்தண்ணிக் கோப்பையோடு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். வெயில் தண்ணீருக்குள் இறங்கி அவர் சட்டையில் ஆடியது.

"குடுக்கத்தான் போறியளோ?" என்று கேட்டாள் றேணுகா.

"பாப்பம். நத்தையள் வேலை செய்யுதுகள் போல," என்றார். அவர் சிரித்ததை அவள் பார்த்துக் கனகாலம்.

அந்தக் கிழமை ஆஸ்பத்திரியில் டொக்டர் இரத்த முடிவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பொஸ்பரஸ் ஏறிக்கொண்டே போகுது. இப்படியே விட்டா எலும்பையும் இருதயத்தையும் பழுதாக்கும். சாப்பாட்டில இருக்கிறதைப் பிடிக்கத்தான் அந்தக் குளிசை. ஒழுங்கா எடுக்கிறாவா?"

"நான்தான் டொக்டர், ஒவ்வொரு நேரமும் கையில குடுக்கிறனான்."

றேணுகா தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அளவைக் கூட்டுவம்," என்றார் டொக்டர்.

அன்றிலிருந்து நாகேந்திரம் சாப்பாட்டில் இன்னும் கவனமானார். மரக்கறியை அவித்து வடித்தார், பருப்பை நிறுத்தினார், கருவாட்டை வீட்டுக்குள்ளேயே எடுக்கவில்லை. எங்கே பிழை விட்டார் என்று விளங்கவில்லை.

பெருநாள் முடிந்து அஷ்பாக் வந்தார். பவளங்களைக் கொண்டுபோகப் பெட்டிகளும் கொண்டுவந்திருந்தார். தொட்டியைக் கண்டதும் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டார்.

"மாஷா அல்லாஹ். என்ன செஞ்ச அங்கிள்?"

தண்ணீரைச் சிறு குழாயில் எடுத்து மருந்து விட்டுக் குலுக்கினார். நிறம் வரவேயில்லை. "பொஸ்பேட் நல்லா எறங்கி ஈக்கிது. பில்டர் மருந்த மாத்தினீங்களா?"

"இல்லை. நீர் தந்ததுதான் கிடக்குது."

"அது எப்பவோ வேல முடிஞ்சி ஈக்கும்." அஷ்பாக் குனிந்து பில்டர்ப் பையை வெளியே இழுத்தார். அடியில் வெள்ளையாக ஏதோ களிபோலப் படிந்திருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இது என்ட சாமான் இல்ல அங்கிள். பொஸ்பேட்டப் பிடிக்கிற வேறென்னமோ ஒண்ட யாரோ தூளாக்கிப் போட்டு ஈக்கிறாங்க."

"இஞ்ச ஆர் போடுறது? நானும் இவவும் மட்டும்தானே," என்றபடி நாகேந்திரம் திரும்பினார்.

சாய்மனைக் கதிரையில் றேணுகா கண்களை மூடியபடி கிடந்தாள்.

"என்ர குளிசை, தம்பி," என்றாள்.