சாவுக்குக் கோழி, பிரிவுக்கு மீன்

கார் கொட்டகையிலிருந்த குளிர்பெட்டியைத் திறந்ததும், இரண்டு கண்ணாடித் தட்டுகளில் எதை எடுப்பது என்று லொரெய்ன் யோசிக்கவேயில்லை. சாவு வீட்டுக்கு, தட்டோடு அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்த கோழி கேசரோல். புருஷன் பெண்டாட்டி பிரிந்த வீட்டுக்குச் சூரை மீன் கேசரோல். அமெரிக்காவில் ஓஹையோவின் அந்தத் தெருவுக்கு அவள் போட்ட சட்டம் அது.

காலையில் பக்கத்து வீட்டு பெவர்லி இரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு தெருமுனைப் பக்கம் நடந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள். மத்தியானத்துக்குள் நாலு பேருக்குப் போன் போட்டு வருத்தப்பட்டும் முடித்துவிட்டாள்.

தெருவில் மொத்தம் பதினோரு வீடு. ஒன்பது வீட்டுக்கு அவள் தட்டு போய் வந்தாயிற்று, இது பத்தாவது. அவள் வாசலுக்கு மட்டும் இதுவரை ஒரு தட்டும் வந்ததில்லை. தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார அவளுக்கு அந்த ஒரு தகுதியே போதுமாயிருந்தது.

கிளம்பும்போது சுவரில் அவள் புருஷன் க்ளென்னின் மூன்று தூண்டில்களும் தொங்குவது கண்ணில் பட்டது. மனிதர் விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு ஏரிக்கு மீன் பிடிக்கக் கிளம்பிப் போயிருந்தார்.

"இதைக்கூட மறந்துட்டாரு. அங்க யார்கிட்ட இரவல் வாங்கப் போறாரோ" என்று முணுமுணுத்தபடி நடந்தாள்.

கதவைத் திறந்த பெவர்லியின் புருஷன் நார்மனின் சட்டையெல்லாம் மாவு. உள்ளே தீய்ந்த வாடை, அதோடு மீன் வாடை.

"சமையலா? விடுங்க நார்மன், அதான் நான் கொண்டு வந்திருக்கேனே."

"அடுப்பு மூட்டவே இன்னிக்குத்தான் கத்துக்கிட்டேன்."

அவர் உட்காரச் சொல்லாமலே லொரெய்ன் சோபாவில் உட்கார்ந்தாள். "வெளிய சொன்னா மனசு ஆறும். ஆள் யாரு?"

"ஆள் இருக்குன்னு யார் சொன்னது?"

"ரெண்டு பெட்டியில்ல எடுத்துட்டுப் போயிருக்கா. அம்மா வீட்டுக்குன்னா ஒண்ணு போதாதா?"

நார்மன் அவளையே பார்த்தார். "க்ளென் எங்க?"

"மீன் பிடிக்கப் போயிருக்காரு. திங்கக்கிழமை வந்துடுவாரு. ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கட்டினவங்க மேல ஒரு கண்ணு இருக்கணும். நீங்க அசந்துட்டீங்க. இருபத்தாறு வருஷமா க்ளென் எங்க போறாரு, யார்கிட்ட பேசறாருன்னு எனக்குத் தெரியாம ஒண்ணும் நடந்ததில்லை."

அடுப்பின் மணி அடித்தது. நார்மன் எழுந்து போய் ஒரு கண்ணாடித் தட்டை வெளியே எடுத்தார். ஓரமெல்லாம் கருகியிருந்தது. அதன் மேல் அலுமினியத் தாளைப் போர்த்தி, துணியில் பிடித்துக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார்.

"உங்க வீட்டுக்குத்தான் எடுத்துட்டு வரலாம்னு இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

"எங்க வீட்டுக்கா? யாரு செத்தா?"

"யாரும் சாகலை. இது சூரை."

லொரெய்ன் தட்டை வாங்கவில்லை. "எங்க வீட்டுக்கு எதுக்கு சூரை?"

"பெவர்லி பின்னாடியே முனை வரைக்கும் ஓடினேன். அவ ஏறினது உங்க கார்ல."