பாட்டுக்கு ஒரு கடிகாரம்

ஒலிப்பதிவு அறையில் ஒரு பழைய பெட்டி, பாடகியின் குரலை வாங்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவந்தது. மிருதங்கத்துக்கென்று புதுப் பெட்டி ஒன்று வந்தது. இரண்டும் தத்தம் உள்ளே இருக்கும் கடிகாரத்தையே பார்த்து ஓடியதால், பாட்டு முடிவதற்குள் மிருதங்கம் முந்திவிட்டது.

"இன்னொரு தடவை இப்படி ஆனா, ஒருத்தரைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவாங்க" என்றது கம்ப்யூட்டர்.

பரணுக்குப் போவது பழையதுதான் என்று இரண்டுக்கும் தெரியும்.

"அக்கா, உங்க கடிகாரத்தையே வெச்சுக்குவோம். நான் பின்னால வர்றேன்" என்றது புதுசு.

"வேண்டாம்டி தங்கம், உன்னோடதே இருக்கட்டும்."

"இல்லக்கா, நீங்கதான்."

"அம்மா தாயே, யாராவது ஒருத்தர்! பாடகியம்மா பாட வாயைத் திறந்துட்டாங்க!" என்று கத்தியது கம்ப்யூட்டர்.

பழையது சட்டென்று தன் ஒயரைப் புதுசின் கடிகாரத்தோடு சேர்த்துக்கொண்டது.

மிருதங்கத்தின் கடைசித் தட்டு குரலோடேயே விழுந்தது. பரணுக்கு ஏணி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.