கல்லில்லாத சவுனா

வீங்கின கன்னத்தோட ஹில்க்கா கடைக்குள்ள வந்து, வீட்டுக்கு ஒரு சவுனா, அதான் உக்காந்து வேர்க்குற நீராவிக் குளியல் அறை, வேணும்னு கேட்டா.

"கன்னத்துல என்னக்கா?"

"எங்க வீட்டுக்காரர் தௌனோ அடிச்சது. தினமும் பெல்ட்டுதான். சவுனாவுல உக்காந்தா மட்டும் கை ஓங்க மாட்டாரு."

கடைக்காரருக்குப் புரிஞ்சிடுச்சு. பின்லாந்துல எப்பேர்ப்பட்ட ரவுடியும் சவுனாவுக்குள்ள அடங்கித்தான் உக்காருவான். அது மாதாகோயில் மாதிரி.

"அப்போ இந்த விறகு அடுப்பு வச்சத எடுத்துக்கங்கக்கா. அடுப்பு மேல காயுற கல்லுல தண்ணி ஊத்துனா ஆவி சும்மா அள்ளும்."

"வேணாம். கரண்ட்டுல சூடாகுற அந்த இன்ஃப்ராரெட் பெட்டியக் குடுங்க."

"ஐயோ, அதுல கல்லும் கிடையாது, ஆவியும் கிடையாது. அதப் போயி சவுனான்னு சொன்னா ஊரே சிரிக்கும்க்கா!"

"சிரிச்சா சிரிக்கட்டும்."

சனிக்கிழமை சாயங்காலம் தௌனோ முணுமுணுத்துக்கிட்டே பெட்டிக்குள்ள போனான். உடம்புல பொட்டுத் துணி இல்ல. சூடு சொகமா ஏற, கண்ண மூடிட்டான்.

ஹில்க்கா இரும்பு வாணலியத் தூக்கிட்டு வந்து அவன் முழங்கால்ல ஓங்கிப் போட்டா. எலும்பு நொறுங்குற சத்தம் கேட்டுச்சு.

"அடிப்பாவி! சவுனாவுல அடிக்கலாமாடி?"

"சவுனாவா இருந்தா எனக்கும் மனசு வராதுங்க. முப்பது வருஷமா வரல. அதான் பாத்துப் பாத்து இத வாங்கினேன்"னு சொல்லிட்டு, அடுத்த முழங்காலுக்கு வாணலிய ஓங்கினா.