தம்பி வீட்டு வெளிச்சம்

சாயங்கால மழையில் கரண்ட் போய்விட, பின்வாசல் தகரத்தின் கீழ், ஜெனரேட்டர் கயிற்றை இழுத்து இழுத்தே என் தோள் கழன்றது. ஒருவழியாக உறுமியது. ஃபிரிட்ஜ் ஓடியது, டிவியைப் போட்டதும் லைட் மங்கியது.

பக்கத்தில் தம்பி வீடு ஜொலித்தது. ஏசிகூட ஓடியது. உறுமல் உள்ளேயிருந்து கேட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. "எப்பவும் அவன்தான் ஒரு படி மேல! நனையாம ரூமுக்குள்ளயே வச்சு ஓட்டுறான் பாரு. நாமளும் உள்ள தூக்கிடலாம், ஒரு கை பிடி."

மனைவி அந்த வெளிச்சத்தையே பார்த்தபடி நின்றாள். கை கொடுக்கவில்லை.

"என்னங்க, அப்படி உள்ள வச்சு ஓட்டின புகையிலதானே உங்க தம்பி போன மழையில செத்துப்போனாரு? அந்த ரூம்லேர்ந்து நாம தூக்கிட்டு வந்த மெஷின்தானே இது?"